பொருள்களின் விசையியலில் ஆராய்ச்சி: கணினியா, சோதனைக்கூடமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சென்னையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். மெட்டீரியல் மெக்கானிக்ஸில் ஆராய்ச்சி செய்ய விருப்பம். சிமுலேஷன் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் சோதனைப் பக்கம் போவது வீண் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போவது நல்லது?"

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இழுவிசைச் சோதனை செய்யும் ஒரு நல்ல யுடிஎம் இயந்திரம் வாங்கும் பணத்தில் ஆய்வகம் முழுவதற்கும் கணினிகள் வாங்கிவிடலாம். மாதிரித் துண்டு ஒருமுறை உடைந்தால் போனது போனதுதான். கணினியில் அதே துண்டை ஆயிரம் தடவை உடைத்துப் பார்க்கலாம். ஆயினும் கணினி என்றால் கணக்கு, சோதனை என்றால் அளவீடு, இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்றொரு நம்பிக்கை உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு இடங்களிலும் மாறி மாறி உட்கார்ந்தவன் என்ற முறையில், துறைக்குள் நுழைந்த பிறகு அந்தப் பிரிவினை நிற்காது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

தகைவு என்ற அளவை, அதாவது பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசையை, இதுவரை எந்தக் கருவியும் நேரடியாக அளந்ததில்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலிலேயே தகைவு, திரிபு என்ற இரண்டையும் அருகருகே படித்துவிடுவதால் இரண்டும் ஒரே வகை அளவுகள் என்று தோன்றிவிடுகிறது. அப்படியல்ல. 1938-இல் அமெரிக்காவில் இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஸ்ட்ரெய்ன் கேஜ் திரிபை, அதாவது நீளம் மாறிய விகிதத்தை, அளக்கிறது. அதிலும் அது உண்மையில் அளப்பது ஒரு மெல்லிய கம்பியின் மின்தடை மாற்றத்தைத்தான். விசையை அளப்பதாக நாம் நம்பும் லோடு செல்லுக்குள் இருப்பதும் ஓர் உலோகத் துண்டின் மேல் ஒட்டப்பட்ட அதே ஸ்ட்ரெய்ன் கேஜ்தான். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மாதிரிக்கு விசை கொடுத்துப் பார்க்கும் ஒளிமீட்சி முறையில் தெரியும் வண்ணப் பட்டைகளைத் தகைவாக மாற்ற அந்தப் பிளாஸ்டிக்கின் ஒளியியல் மாறிலி வேண்டும். எக்ஸ் கதிர் முறை படிகத் தளங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, மீட்சிக் குணகங்களை வைத்துத் தகைவைக் கணக்கிடுகிறது. ஆகவே "இந்த இடத்தில் தகைவு 250 மெகாபாஸ்கல்" என்று ஒரு சோதனை அறிக்கை சொல்லும்போதெல்லாம், அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது பற்றிய ஒரு கருதுகோளும் ஒரு கணக்கும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன.

மறுபக்கமும் இதே கதைதான். சமநிலைச் சமன்பாடுகளைக் கோஷி 1820-களிலேயே எழுதிவிட்டார். பொருளை எலிமெண்ட் எனும் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து அவற்றைத் தீர்க்கும் ஃபைனைட் எலிமெண்ட் முறைக்கு டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோரின் 1956 கட்டுரை வழி திறந்தது. 1960-இல் கிளஃப் அதற்கு அந்தப் பெயரையும் வைத்தார். ஆனால் கணினியில் ஓடும் அந்தச் சமன்பாடுகளுக்குத் தாங்கள் தீர்ப்பது இரும்பா ரப்பரா என்று தெரியாது. அதைச் சொல்வது பொருள் விதி, அதாவது இவ்வளவு திரிபுக்கு இவ்வளவு தகைவு என்று சொல்லும் விதி. அந்த விதியின் வடிவத்தை நாம் ஊகிக்கிறோம். அதன் மாறிலிகளை எங்கோ யாரோ ஒரு துண்டை இழுத்துப் பார்த்துத்தான் தந்திருக்கிறார்கள். அந்த யாரோ எதை இழுத்தார் என்று கேட்காமல் அவருடைய எண்களை எடுத்துப் போடுவதுதான் நான் ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கும் பிழை. ஒரு மாணவர் வாகன மோதல் கணக்குக்காக 6061 அலுமினியத்தின் ஜான்சன்-குக் பொருள் விதிக்கான மாறிலிகளை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார். 1983-இல் வந்த அந்த மாதிரியில் ஐந்து மாறிலிகள் உண்டு. ஐந்தையும் பிசகாமல் எடுத்திருந்தார். ஆனால் கட்டுரையில் இருந்தது டி6 வெப்பப் பதம் கொடுத்த உலோகம், இவர் கையில் இருந்ததோ சூடாக்கி மென்மையாக்கப்பட்ட ஓ பதம். முன்னதன் யீல்டு தகைவு, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல், பின்னதற்கு 55-ஐ ஒட்டித்தான் வரும். பெயர்ப் பலகை ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. திரையில் வந்த வண்ணப் படம் என்னவோ மிக அழகாகத்தான் இருந்தது.

மாணவரைக் குறை சொல்லிவிட்டு என்னை விட்டுவிடுவது முறையாகாது. நான் முதன்முதலில் தனியாகச் செய்த இழுவிசைச் சோதனையில் அலுமினியத்தின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 23 ஜிகாபாஸ்கல் என்று வந்தது. புத்தகத்தில் 70 என்றிருக்கிறது. உலோகம் தரமற்றது என்று அறிக்கையே எழுதத் தொடங்கிவிட்டேன். நடந்தது இதுதான்: துண்டின் நீட்சியை அதன் மேலேயே அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் பழுதாகி இருந்ததால், இயந்திரத்தின் கிராஸ்ஹெட் (பிடியை இழுக்கும் குறுக்குச் சட்டம்) நகர்ந்த தூரத்தையே துண்டின் நீட்சியாக எடுத்துக்கொண்டேன். ஆனால் விசை கொடுக்கும்போது துண்டு மட்டுமா நீள்கிறது? பிடிகள் சற்றே நழுவுகின்றன, திருகுத் தண்டு இளகுகிறது, இயந்திரத்தின் சட்டமே கொஞ்சம் வளைகிறது. வரிசையாகக் கோத்த சுருள்வில்களைப் போல எல்லாருடைய நீட்சியும் கூடி ஒரே எண்ணாக வருகிறது. அன்று நான் அளந்தது அலுமினியத்தை அல்ல, பெரும்பாலும் அந்த இயந்திரத்தையே. இரண்டு சுருள்வில்களின் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இது ஆய்வகத்தில் நடக்கும் சில்லறைத் தவறு. ஆனால் கணக்கில்லாத சோதனை பெரிய இடத்திலும் கைவிட்டிருக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1954 ஜனவரியில் எல்பா தீவருகேயும், ஏப்ரலில் நேப்பிள்ஸுக்குத் தெற்கேயும் நடுவானில் உடைந்து விழுந்தது. ஒரு விமானம் ஏறக்குறைய 1,290 பயணங்களும் மற்றொன்று 900 பயணங்களுமே கண்டிருந்தன. தயாரிப்பாளர்கள் சோதனை செய்யாமல் விட்டவர்களும் அல்லர். ஒரு மாதிரி உடற்பகுதியை மீண்டும் மீண்டும் காற்றழுத்தத்துக்கு உட்படுத்தி, அது ஏறக்குறைய 16,000 சுழற்சிகள் தாங்கியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியடைந்தார்கள். கோளாறு எங்கே என்றால், அதே உடற்பகுதியை அதற்கு முன்பே, வலிமையை நிரூபிப்பதற்காக, வழக்கமான அழுத்தத்தைப் போல இரு மடங்கு வரை ஏற்றியிருந்தார்கள். அந்த ஒற்றை ஏற்றத்தில் சன்னல் மூலைகளில் இருந்த உலோகம் யீல்டு ஆகி, அழுத்தம் இறங்கியதும் அங்கே அமுக்கத் தகைவு தங்கிவிட்டது. சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வரும் அயர்வு விரிசல் பிறப்பதை அந்த அமுக்கம் தள்ளிப்போட்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற விமானங்களுக்கு அந்தக் கவசம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு காமெட்டையே வைத்து, தண்ணீரால் அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, முன்பு பறந்ததையும் தொட்டியில் செய்ததையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுழற்சிகளில் உடல் கிழிந்தது. முதல் சோதனையில் அளவீடு எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தத் துண்டின் முந்தைய வரலாறு என்ன தகைவை உள்ளே விட்டுச் சென்றது என்ற கணக்கு அந்த அளவீட்டோடு இல்லை. மூலையில் குவியும் உச்சத் தகைவைக் கணக்கும் குறைத்தே மதிப்பிட்டிருந்தது. ஆக, இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதற்கு ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் உதாரணம். கண்ணாடியின் அணுப் பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் வரும் வலிமையில் மிகச் சிறிய பங்குதான் நடைமுறையில் கிடைக்கிறது என்ற புதிரை அவர் எடுத்துக்கொண்டார். நீள்வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு எப்படிக் குவிகிறது என்று இங்லிஸ் 1913-இல் போட்டிருந்த கணக்கு ஒருபுறம். மறுபுறம் தானே இழுத்துச் செய்த கண்ணாடி இழைகள். இழை மெலிய மெலிய வலிமை ஏறிக்கொண்டே போய், மிக மெல்லியவற்றில் மூன்று ஜிகாபாஸ்கலைத் தாண்டியது; மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமில்லை. 1921-இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய முறிவு விசையியல் முழுவதும் கிளைக்கிறது.

இனி, கணினிப் பக்கம் போக நினைப்பவர் கட்டாயம் பட்டறிய வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மெஷ்ஷை, அதாவது எலிமெண்ட்டுகளின் வலையை, நுணுக்கினால் விடை உண்மையை நெருங்கும் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். மீட்சி எல்லைக்குள் இருக்கும் வரை அது சரி. ஆனால் கான்கிரீட்டைப் போல உச்ச விசைக்குப் பிறகு வலுவிழந்து இளகும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்டை நூறு எலிமெண்ட்டுகளாகப் பிரித்து இழுக்கிறீர்கள். ஏதோ ஒன்று மிகச் சிறிய அளவில் முதலில் வலுவிழக்கிறது. அதன் பிறகு மேலும் வரும் நீட்சி முழுவதையும் அந்த ஒன்றே வாங்கிக்கொள்கிறது, மற்ற தொண்ணூற்றொன்பதும் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இப்போது முறிவுக்குச் செலவான ஆற்றல் அந்த ஒரு எலிமெண்ட்டின் கன அளவைப் பொறுத்தது. ஆயிரமாகப் பிரித்தால் அது பத்தில் ஒரு பங்காகும். பத்தாயிரமாகப் பிரித்தால் நூறில் ஒரு பங்கு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மெஷ்ஷை நுணுக்க நுணுக்க முறிவாற்றல் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. கணினி நேர்மையாகத்தான் கணக்குப் போடுகிறது. நாம் கொடுத்த பொருள் விதியில் நீளம் என்ற ஒன்றே இல்லை. விரிசல் பட்டை எவ்வளவு அகலம் என்று நாம் சொல்லாததால் அது எலிமெண்ட்டின் அகலத்தை எடுத்துக்கொள்கிறது.

அந்த நீளம் எங்கிருந்து வரும்? பொருளின் உள்ளமைப்பிலிருந்து. பஜான்ட்டும் ஓவும் 1983-இல் கான்கிரீட்டுக்கு முன்வைத்த விரிசல்-பட்டைக் கொள்கையில் அந்த அகலம் மிகப்பெரிய ஜல்லியின் அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊர்க் கட்டட வேலைகளில் போடும் 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு அது 60 மில்லிமீட்டர். அதற்கு முன்பே 1976-இல் ஹில்லர்போர்க் குழுவினர், விரிசலின் முகங்கள் விலக விலக அவற்றுக்கிடையே குறைந்துகொண்டே போகும் பிடிப்பை விதியாக்கி, முறிவாற்றலை ஒரு பொருட்பண்பாகவே நுழைத்திருந்தார்கள். விரிசலைக் கூர்மையான கோடாக அல்லாமல் பரவிய பட்டையாகக் கொள்ளும், அண்மையில் பரவலாகிவிட்ட ஃபேஸ்-ஃபீல்டு முறையிலும் ஒரு நீள அளவு உண்டு. அது கணித வசதிக்கானதா, பொருளுக்கே உரியதா என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. எந்த வழியில் போனாலும் அந்த நீளத்தையும் அந்த ஆற்றலையும் அளந்து தர வேண்டியது சோதனைதான். அதுவும் ஒரே அளவுத் துண்டில் அளந்தால் போதாது. தளத்தில் 150 மில்லிமீட்டர் கியூபை நசுக்கிப் பெறும் வலிமை எண், இரண்டு மீட்டர் ஆழமுள்ள உத்திரத்தின் விரிசலைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்வதில்லை. உலோகங்களிலும் இந்த அளவு விளைவு உண்டு: ஃபிளெக்கும் அவருடைய குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், 170 மைக்ரோமீட்டரிலிருந்து 12 மைக்ரோமீட்டர் வரை மெலிந்த செம்புக் கம்பிகளை முறுக்கியபோது மெல்லியவை ஒப்பளவில் அதிக வலிமை காட்டின, அதே கம்பிகளை நேராக இழுத்தபோது அவ்வளவு வித்தியாசம் இல்லை. நிரந்தர உருமாற்றத்தை விவரிக்கும் வழக்கமான பிளாஸ்டிசிட்டி விதிக்கு இது விளங்காது, ஏனென்றால் அதிலும் நீளம் கிடையாது.

மாறிலிகளைப் பொருத்துவதும் மாதிரியைச் சரிபார்ப்பதும் வேறு வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழவழப்பான தண்டின் வளைகோட்டோடு பொருந்தும்படி ஐந்து மாறிலிகளைத் திருகிவிட்டு, அதே வளைகோட்டைக் காட்டி "ஒத்துப்போகிறது" என்று எழுதுவதில் எந்த நிரூபணமும் இல்லை. ஐந்து திருகுகள் இருந்தால் ஏறக்குறைய எந்தக் கோட்டையும் வளைத்துவிடலாம். வெவ்வேறு மாறிலித் தொகுதிகள் அதே கோட்டைத் தருவதும் உண்டு. வழவழப்பான தண்டில் பொருத்தியதை வைத்து, பக்கத்தில் வெட்டு உள்ள தண்டு எப்போது, எங்கே உடையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, பிறகு உடைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் இதை ஒரு போட்டியாகவே நடத்தியது. பொருளின் சோதனைத் தரவுகளைப் பல குழுக்களுக்குக் கொடுத்து, அவர்கள் பார்த்திராத ஒரு வடிவம் எப்படி முறியும் என்று கணித்துத் தரச் சொன்னார்கள். கைதேர்ந்த குழுக்களின் விடைகளே ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அந்த அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள்; எந்தப் பாடநூலையும்விட அடக்கத்தைக் கற்றுத் தருபவை.

இந்த இடைவெளியைச் சுருக்கிய கருவி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டிஐசி என்று நாங்கள் சுருக்கமாக அழைக்கும் டிஜிட்டல் பட ஒப்பீட்டு முறையைத்தான் சொல்வேன். 1980-களில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. துண்டின் மேல் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் கருப்புப் புள்ளித் தூவல், எதிரே கேமரா, அவ்வளவுதான். புள்ளிக் கூட்டங்கள் நகர்ந்ததைப் படத்துக்குப் படம் ஒப்பிட்டு, பிக்சலில் நூறில் ஒரு பங்கு வரை இடப்பெயர்ச்சியைக் கணக்கிடுகிறது. ஸ்ட்ரெய்ன் கேஜ் ஓரிடத்தில் ஓர் எண்ணைத் தந்தது; இது பரப்பு முழுவதும் பல்லாயிரம் எண்களைத் தருகிறது. இந்தப் புலத்தையும் ஃபைனைட் எலிமெண்ட் தரும் புலத்தையும் அக்கம் பக்கமாக வைத்து, வித்தியாசம் குறையும்வரை மாறிலிகளைத் தேடும்போது, ஒரே கோட்டுக்குப் பல விடைகள் என்ற சிக்கல் பெருமளவு தீர்கிறது. ஆனால் புள்ளித் தூவல் சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். நன்றாகப் புள்ளி அடிக்கத் தெரிந்த ஒரு ஆய்வகத் தொழில்நுட்பர் அமைவது பாக்கியம்.

சென்னையில் இருப்பது உங்களுக்கு வசதிதான். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஐஐடியில் அப்ளைடு மெக்கானிக்ஸ், ஏரோஸ்பேஸ், சிவில், மெட்டலர்ஜி என்று பல துறைகளில் இந்த வேலை பரவிக் கிடக்கிறது. ஒரே துறையை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பேராசிரியர் கே. ரமேஷ் அவர்களின் சோதனைவழித் தகைவுப் பகுப்பாய்வுப் பாடங்கள் என்பிடெல் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த நிலையத்தில் மின்கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி, உடையும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். போல்ட் துளைகளில் ஏற்படும் சிறு நழுவல்களெல்லாம் கூடிக் கோபுரத்தின் உச்சியை எவ்வளவு நகர்த்தும் என்பதை எளிய கணக்கு எதுவும் சொல்லாது. சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, கல்பாக்கத்தில், இன்னொரு வகைக் கேள்வி. முன்மாதிரி வேக ஈனுலையில் சோடியம் உலைக்கருவிலிருந்து ஏறக்குறைய 547 டிகிரி செல்சியஸில் வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வெப்பத்தில் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்துகொண்டே, அதாவது மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். மணிக்கணக்கில் மூன்றரை லட்சம். அவ்வளவு காலம் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக் காத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே அதிக வெப்பத்திலும் அதிகத் தகைவிலும் குறுகிய காலம் சோதித்து, 1952-இல் வந்த லார்சன்-மில்லர் போன்ற விதிகளால் நீட்டிக் கணிக்கிறார்கள். நீட்டும் வழியில் ஊர்வின் வழிமுறையே மாறிவிட்டால் கணிப்பு சறுக்கும்; அது எங்கே மாறும் என்பதை அறிய நுண்ணமைப்பு மாதிரிகள் வேண்டும். இந்த இடத்தில் சோதனை முடிந்து கணினி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட என்னால் ஆகாது.

ஊரின் தட்பவெப்பமும் உங்களுக்குப் பாடம் எடுக்கும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரோஸ்ட்ரெய்ன், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு, விரிகிறது. மே மாதத்தில் மின்சாரம் போய், ஏசி நின்று, அறை ஐந்து டிகிரி சூடானால், வெப்பத்துக்கு ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாத கேஜ் நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோஸ்ட்ரெய்னை இல்லாத தகைவாகக் காட்டும். 8 மெகாபாஸ்கல் சும்மா வந்து நிற்கும்.

இயந்திரக் கற்றல் வந்துவிட்டதே, பொருள் விதியையே அது எழுதிவிடாதா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். தரவு இருக்கும் எல்லைக்குள் நன்றாக எழுதுகிறது. அந்தத் தரவை யாராவது இழுத்துத்தான் தர வேண்டும்.

ஆகவே வழிகாட்டியைத் தேடும்போது, "உங்கள் குழுவில் மாறிலிகள் எங்கிருந்து வருகின்றன?" என்று கணினிக்காரரிடமும், "உங்கள் அளவீட்டில் எந்தப் பகுதி கணக்கு?" என்று சோதனைக்காரரிடமும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் சேருங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். லேப்டாப் திரையை வெறும் வெள்ளையாக்கி, அதன் முன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைப் பிடித்து, போலராய்டு கண்ணாடி வழியே பாருங்கள். திரையிலிருந்து வருவது ஏற்கெனவே முனைவாக்கப்பட்ட ஒளி. கண்ணாடியைத் திருப்பித் திரை இருளும் கோணத்தில் வைத்தால், யாரும் விசை கொடுக்காமலேயே ஸ்கேலில் வண்ணங்கள் தெரியும். அச்சில் வார்க்கும்போது உறைந்து போன தகைவு அது. பிறகு 50 மில்லிமீட்டர் அகல பாலிகார்பனேட் பட்டையின் நடுவே 10 மில்லிமீட்டர் துளை போட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு லோடு செல்லோடு இழுத்து, துளையோரத்துப் பட்டைகளை எண்ணுங்கள். கால்குலிக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் அதே பட்டையைப் போடுங்கள். எல்லையற்ற தகட்டுக்கு கிர்ஷ் 1898-இல் சொன்ன தகைவுக் குவிவு 3. உங்கள் பட்டைக்கு, முழு அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் 3.14-ஐ ஒட்டியும், துளை போக மிஞ்சிய அகலத்தை வைத்தால் 2.5-ஐ ஒட்டியும் வர வேண்டும். கையில் வரும் எண் இரண்டோடும் ஒட்டாது. பிடி கோணலா, துளையிடும் சூட்டில் ஓரத்தில் தகைவு தங்கிவிட்டதா, மெஷ் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குவீர்கள். அந்தத் தேடல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.